பிளாஸ்டிக் டியூபில் என் ரத்தம்

கண்ணாடி விரியன் விஷத்தைப் பற்றி என்னிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். அது உடம்புக்குள் போனதும் ரத்தத்தைத் தாறுமாறாக உறையவைக்கும். உறைவதற்கான சரக்கு மொத்தமும் அதிலேயே தீர்ந்துபோகும். அப்புறம் ஒரு சின்னக் கீறலில்கூட ரத்தம் நிற்காது. இருபது வருஷமாக இந்த ஆராய்ச்சிதான் என் பிழைப்பு. ஒன்றை மட்டும் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு விஷம் மஞ்சள் தூளாக, சின்னக் குப்பியில்தான் வரும். உயிருள்ள பாம்போடு எனக்கு அறிமுகம் கிடையாது.

அந்த அறிமுகம் போன மழைக்காலத்தில், திருவொற்றியூரில் என் வீட்டு மோட்டார் ரூமில் நடந்தது. வால்வைத் திறக்கக் கையை விட்டேன். விரலில் சுருக்கென்றது. செங்கல்லுக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று நெளிந்து மறைந்தது.

பதறாதீர்கள், ஓடாதீர்கள், கடிபட்ட கையை அசைக்காதீர்கள் என்று ஊரெல்லாம் வகுப்பெடுப்பவன் நான். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, லுங்கியோடு, தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு வரை அலறியபடி ஓடினேன். அங்கே என் பள்ளிக்கூடத்துத் தோஸ்து ஆட்டோவில் சாய்ந்திருந்தான்.

"இன்னா மாமு, எர்ணாவூர் வரைக்கும் கேக்குது சவுண்டு?"

"பாம்பு கடிச்சிடுச்சுடா!"

"உன் பொழப்பே அத்த வெச்சுதான. அதாண்ட உன்ன யாரு போட்டுக் குட்தாங்க?"

சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டான். மணலி டாங்கர் லாரிகளுக்கு நடுவே அவன் புகுந்து புறப்பட, நான் வாயைத் திறந்து காட்டினேன். "ஈறுல ரத்தம் வருதா பாரு!"

கண்ணாடியில் பார்த்தான். "பீட்ரூட்டு ஒட்டிகினு கீது. வாய மூடு, பேஜாரு பண்ணாத."

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ், போன மாதம் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அலட்டிக்கொள்ளாமல் ரத்தம் எடுத்தார். கண்ணாடி டியூபில் கொஞ்சம் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, மணி பார்த்தார்.

"இருபது நிமிஷம் சார். உறைஞ்சா நிம்மதி, உறையலைன்னா விஷமுறிவு மருந்து. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

டாக்டரும் மருந்தைத் தயாராக வைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், சிரிஞ்சில் மிச்சமிருந்த ரத்தத்தை டிரேயில் கிடந்த வேறொரு டியூபில் விட்டு, நானே தனியாக ஒரு பரிசோதனை ஆரம்பித்தேன். விஞ்ஞானி அல்லவா!

இருபதாவது நிமிஷம் சாய்த்துப் பார்த்தேன். ரத்தம் தண்ணீர்போல ஓடியது. தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவிக்குப் போன் போட்டேன்.

"ரத்தம் உறையலம்மா. என்னை மன்னிச்சிடு."

"எதுக்கு?"

"பொதுவா."

"பொதுவான்னா எப்படி? எதெதுன்னு சொல்லுங்க."

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். "சிஸ்டர், மருந்தை ஏத்துங்க!" என்று டியூபை உயர்த்திப் பிடித்தேன். அவர் ரத்தத்தைப் பார்க்கவே இல்லை. டியூபை நகத்தால் சுண்டினார். சத்தமே வரவில்லை.

"இது பிளாஸ்டிக் சார்."

கண்ணாடியைத் தொட்டால்தான் ரத்தத்துக்கு உறையும் வேகம் வரும். பிளாஸ்டிக்கில் சோம்பேறியாகக் கிடக்கும். என் வகுப்பு ஸ்லைடில் இது சிவப்பு எழுத்தில் வரும். இந்தத் தப்பைச் செய்ததற்காக, போன மாதம் இந்த நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நான் திட்டியும் இருக்கிறேன்.

அவர் ஸ்டாண்டிலிருந்த கண்ணாடி டியூபை எடுத்து மெல்லச் சாய்த்தார். நான் மூச்சுவிடவில்லை. ரத்தமும் அசையவில்லை. ஜெல்லிபோல அப்படியே ஒட்டி நின்றது. தலைகீழாகவும் கவிழ்த்துக் காட்டினார்.

மறுநாள் வரை படுக்கவைத்து, திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் உறைந்தது. கடித்தது ஏதோ தண்ணிப் பாம்பாக இருக்கும் என்றார் டாக்டர்.

அடுத்த வகுப்புக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி டியூப் வைக்கும் அலமாரிக்கு மேலே, சுவரில் ஒரு காலி பிளாஸ்டிக் டியூபைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். கீழே நர்ஸின் கையெழுத்து: "சார் பயத்தில் எடுத்தது. நீங்கள் எடுக்காதீர்கள்."

என் சிவப்பு எழுத்தை அன்றே தூக்கிவிட்டு, அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து அதே ஸ்லைடில் சேர்த்துக்கொண்டேன்.