முதுகு தேய்க்க ஆள் வேண்டும்: மொன்றியலில் ஒரு ரோமக் குளியல்

ரோமாபுரிக்குப் போய்வர எனக்குக் காசும் போதாது, முழங்காலும் போதாது. ஆகவே மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது பாகைக் குளிரில், ரோமாபுரியை மொன்றியலுக்கு வரவழைத்துக் குளித்தேன். தமிழ் இனத்தில் இதைச் செய்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

காரணம் என் மச்சான் பாலன். என் தங்கச்சியின் கணவர். தங்கச்சி போன ஜூலையில் எங்களை விட்டுப் போய்விட்டாள். டிசம்பரில் பாலன், செயின்ட்-மிஷேலில் தன் வீட்டுப் படியில் பனி சறுக்கி விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது. கைதான் தோளுக்கு மேலே எழும்ப மறுத்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று கையை உயர்த்திப் பழகாவிட்டால் தோள் இப்படியே இறுகிவிடும், பிறகு சத்திரசிகிச்சைதான் என்று பிசியோதெரப்பிப் பெண் சொல்லி ஐந்து வாரம். மச்சான் அசையவில்லை. தலைவழியே உடுப்பு மாட்ட முடியாமல், முன்பக்கம் சிப் வைத்துத் திறக்கும் ஒரே சாம்பல் சுவெற்றரோடு குளிர்காலத்தைக் கடத்திக்கொண்டிருந்தார்.

ரொறொன்ரோவிலிருந்து அவர் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமா, அப்பாவை ஒருக்காத் தண்ணியில இறக்கிவிடுங்கோ. நான் சொன்னால் கேக்கிறாரில்லை."

மொன்றியலின் கிழக்குப் பக்கத்தில் நூறு ஆண்டுப் பழைய பொதுக்குளியல் மண்டபம் ஒன்று இருக்கிறது. ரோமர்களைப் பார்த்துக் கட்டியது. சனிக்கிழமை 10.30 முதல் 12.00 வரை முதியோர் நேரம். தண்ணீர் 31 பாகை. அனுமதி இலவசம். மச்சானிடம் நீச்சல் என்று சொன்னால் வரமாட்டார். ஆகையால், "ஒரு பழைய கட்டடம் பாக்கப் போவம்" என்றேன். பொய்யில்லை. பையில் துவாயும், நீச்சல் காற்சட்டை இரண்டும், அரைப் போத்தல் நல்லெண்ணெயும் இருந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செயின்ட்-மிஷேல் மெற்றோவில் 9.25க்கு ஏறினோம். நீலம், செம்மஞ்சள், பச்சை என்று மூன்று கோடு, இரண்டு மாற்றம், 39 நிமிடம். இறங்கி எட்டு நிமிட நடை. இருவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், இந்த நகரவாசிகள். அதனால் படம் போட்ட அட்டையைக் காட்டினால் பயணச் செலவு பூச்சியம்.

வழியெல்லாம் நான் விரிவுரை நிகழ்த்தினேன். இரண்டு கிழமை நூலகத்தில் படித்த அறிவு, பேராசிரியர்கள் நாற்பது வருடத்தில் சேர்க்காதது. ரோமன் மத்தியானம் வேலை முடித்து நேரே குளிக்கத்தான் போவான். சில்லறைக் காசு கொடுத்தால் போதும். முதலில் உடுப்பு மாற்றும் அறை, சுவரில் மாடம் மாடமாகக் குடைந்திருக்கும். உடுப்பைக் களவெடுக்கும் கள்ளனும் அங்கேயே நிற்பான். பிறகு முற்றத்தில் பந்தடித்து வியர்ப்பான். பிறகு இளஞ்சூட்டு அறை, கொதி அறை, கடைசியில் குளிர்ந்த தொட்டி. தரை சின்னச் சின்னச் செங்கல் தூண்களின் மேல் நிற்கும். அடியில் அடுப்பின் அனல் ஓடும், சுவருக்குள்ளும் ஏறும். கால் சுடாமல் இருக்க மரச்செருப்புப் போடுவான். பிற்பகல் வெயில் உள்ளே விழும்படி கொதி அறையின் சாளரங்களைத் தென்மேற்குப் பார்த்து வைப்பார்கள்.

"முக்கியமான விஷயம், மச்சான், சவர்க்காரம் இல்லை. உடம்பு முழுக்க எண்ணெய் பூசி, வளைஞ்ச தகட்டால வழிச்செடுப்பான். எங்கட சனிக்கிழமை எண்ணெய் முழுக்குத்தான்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"வரலாறு சொன்னது."

அடுத்ததாகப் பேரரசர் கதையையும் சொன்னேன். ஒரு ரோமப் பேரரசர் பொதுக்குளியலுக்குப் போனாராம். வயதான படைவீரன் ஒருவன் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றான். ஏன் என்று கேட்டால், தேய்த்துவிட ஆள் இல்லை என்றான். பேரரசர் அவனுக்கு ஆளும் கொடுத்துப் பணமும் கொடுத்தார். அடுத்த முறை போனால் ஒரு வரிசைக் கிழவர்கள் சுவரோடு முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பேரரசர் சொன்னார்: ஒருவர் முதுகை ஒருவர் தேயுங்கள்.

மச்சான் சிரிக்கவில்லை. "உந்த ராசாவுக்கு வேற வேலை இல்லையே" என்று யன்னலுக்கு வெளியே, சுரங்கத்தின் இருட்டைப் பார்த்தார்.

மண்டபத்தின் வாசலில் யானைக்கால் தூண்கள். பிரமாண்டம் என்றால், நம் மூதாதையர் அனைவரையும் உள்ளே விட்டாலும் ஒரு மூலை மிச்சமிருக்கும். நீச்சல் தொப்பி கட்டாயம். வாசல் மேசையில் நான்கு டொலர். என் தலையில் மயிர் கடைசியாகத் தென்பட்டுப் பத்து வருடம் ஆகிறது, எனக்கும் கட்டாயம். மச்சானின் தலையும் அப்படித்தான். இரண்டு நீலத் தொப்பியும், உடுப்பு வைக்கும் பெட்டிக்கு ஏழு டொலரில் ஒரு பூட்டும் வாங்கினேன். மச்சானுக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பிப் போகாமல் நின்றதற்கு, வெளியே அடித்த குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

உடுப்பு மாற்றும் அறையில் நான் வரலாற்றுப் பிழையைச் செய்தேன். எண்ணெய்ப் போத்தலைத் திறந்து மச்சானின் தோளிலும் முதுகிலும் தாராளமாக வார்த்தேன். எனக்கும் உச்சந்தலையில் ஒரு கை. நல்லெண்ணெய் வாசம் கியூபெக் மாகாண எல்லைவரை போயிருக்கும். அதற்கு முன் நீச்சல் குளத்துக் காவலரிடம் போய்விட்டது.

காவலர் முப்பது வயதிருக்கும். பிரெஞ்சில் கேட்டார், "மெஸ்யூ, இது என்ன?"

"ரோமர்களின் முறை" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

"ரோமர்களிடம் வடிகட்டி இல்லை, மெஸ்யூ. எங்களிடம் இருக்கிறது. நேற்றுத்தான் நான் அதைக் கழுவினேன்." ஒரு சவர்க்காரப் போத்தலை என் கையில் வைத்தார். ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் தண்ணீருக்குள் இறங்க முடியாதாம்.

அப்போது நேரம் 10.45. ஷவர்க் குழாயடியில் சுடுநீர் நல்ல வேகம், பொத்தானில் ஒரு அழுத்துக்கு இருபது விநாடி வரும். மச்சான் இடது கையால் வயிறு, மார்பு, வலது தோள் எல்லாம் கழுவினார். பிறகு திரும்பி, வெள்ளை ஓடு பதித்த சுவரில் முதுகை வைத்து இடமும் வலமும் தேய்த்தார்.

பேரரசர் கதையை வைத்து என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவும் தொடங்கினேன். அவர் கண்ணை மூடியிருந்தார். அது பழகிய தேய்ப்பு.

"மச்சான், வீட்டிலயும் இப்பிடியே?"

"ஓம். கதவுநிலையில."

"எப்ப இருந்து?"

"அவள் போனதில இருந்து. கை நல்லா இருக்கேக்கயும் முதுகு எனக்கு எட்டாது. சனிக்கிழமையில அவள்தானே எண்ணெய் வைச்சுத் தேய்ச்சுவிடுறவள்."

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"உம்மட்டயோ. நீர் உலகத்துக்கே சொல்லிப்போடுவீர்."

சொல்லிவிட்டேன். இதை எழுதி அவருக்கு வாசித்துக்காட்டி, அவர் "சரி, போடும்" என்ற பிறகுதான்.

நான் சவர்க்காரத்தை எடுத்து அவர் முதுகைத் தேய்த்தேன். எட்டு மாதம் ஒருவரும் தொடாத முதுகு. என் தங்கச்சியின் வேலை அது. அவள் எவ்வளவு அழுத்துவாள் என்று எனக்குத் தெரியாது. "இன்னும் கொஞ்சம் கீழ" என்றார். கீழே தேய்த்தேன்.

"இப்ப நீர் திரும்பும். உம்மட பிடரியில எண்ணெய் வடியுது."

மச்சானைவிட நான் ஒரு சாண் உயரம். மற்ற எல்லாவற்றையும் கூட்டிச் சொல்பவன் இதைக் குறைத்தே சொல்கிறேன். வழுக்காமல் இருக்க அவர் இடது கையால் சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டார். வலது கை என் இடுப்பில் தொடங்கி, நடு முதுகுக்கு வந்து, அங்கே நின்றது. தண்ணீர் நின்றது. மறுபடி அழுத்தினேன். கை தோள்பட்டைக்கு ஏறியது. மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. பிறகு பிடரியில் அந்தக் கை.

"நோகுதே?"

"நோகுது. ஆடாமல் நில்லும்."

பக்கத்துக் குழாயில் நின்ற பிரெஞ்சுக்காரக் கிழவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முதுகைத் திருப்பிக் காட்டி, "அடுத்தது நான்தானே?" என்றார். மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஜூலைக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

11.05க்குக் காவலர் எங்கள் தோளைத் தடவிப் பார்த்து, உள்ளே விட்டார். வளைந்த கூரையின் கண்ணாடி வழியாகச் சூரியன் தண்ணீரில் விழுந்தது. படிகளில் மெல்ல இறங்கி மார்பளவு தண்ணீரில் நின்றோம். பிசியோப் பெண் சொன்னபடி மச்சான் கையை மிதக்கவிட்டு உயர்த்தினார்: முதலில் தண்ணீர் மட்டம், பிறகு நாடி மட்டம், பிறகு காது மட்டம். மணி 11.50க்குத் தன் நீலத் தொப்பியைத் தானே நேராக்கினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கண்ணில் குளோரின் பட்டுவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: 10.15க்கே போய்விடுங்கள். பூட்டும் தொப்பியும் வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஆளுக்குப் பதினொரு டொலர் மிச்சம், மரச்செருப்பு வேண்டாம், இரப்பர் செருப்புப் போதும். திரும்பும்போது பி-ஒன்பது என்ற பெரிய வீதியில் ஓடும் பஸ்ஸில் வாருங்கள். மாறாமல் 25 நிமிடத்தில் செயின்ட்-மிஷேல் வந்துவிடும். இதைப் போகும்போதே செய்திருக்கலாம் என்று மச்சான் நான்கு தரம் சொன்னார். எண்ணெயை வீட்டிலேயே வைத்துக் கழுவிவிட்டுப் போங்கள். அந்த வடிகட்டியைக் கழுவுபவர் நல்ல மனிதர்.

முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள். முதுகுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் சனிக்கிழமை பத்தரைக்குக் குழாயடிக்கு வாருங்கள். நீலத் தொப்பியோடு இருவர் நிற்போம். உயரம் குறைந்தவரிடம் முதுகைக் காட்டுங்கள். அவருக்குக் கையை உயர்த்திப் பழகவேண்டியிருக்கிறது.