கசில்டா ஒற்றைக் கையால் போட்ட சண்டை

சும்பிவில்காஸ் மலைப்பக்கத்தில் கசில்டாவின் பாலாடைக்கட்டிக்கு எவ்வளவு பேரோ, அவள் வாய்க்கும் அவ்வளவு பேர். மூன்று பசுக்களோடு கல்யாணமாகி வந்தவள். இன்று பதினோரு பசு, நாலு பெண்கள், வாயைத் திறக்கவே யோசிக்கும் ஒரு புருஷன். ஞாயிற்றுச் சந்தையில் அவளுக்குப் பக்கத்து இடம் தொமிதிலாவுடையது. பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கு விற்பவள். போகிறவன் வருகிறவனையெல்லாம் கிண்டலடித்து, இருபது வருடம் சேர்ந்து சிரித்த ஜோடி அது.

ஏப்ரலில் வந்தது வினை. "கசில்டாவோட பாலாடைக்கட்டியில பாதி என் கிழங்குதான்" என்று தொமிதிலா விளையாட்டாகச் சொல்லப்போக, சந்தையே சிரித்துவிட்டது. கசில்டாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கிறிஸ்துமஸுக்குத் திடலுக்கு வாடி. பேசிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வருடத்து மனத்தாங்கலெல்லாம் அன்றைக்கு ஊர் பார்க்க அடித்துக்கொண்டு, கட்டிப்பிடித்துத் தீர வேண்டும். அதற்கு முன்னால் வலியப் போய்ப் பேசுகிறவளுக்கு மானம் மிஞ்சாது. ஆகவே எட்டு மாதம் இருவரும் அருகருகே உட்கார்ந்து, நடுவில் படுத்திருந்த நாயிடம் பேசினார்கள். கசில்டாவின் கோபம் ஜூன் மாதமே போய்விட்டது. கூடச் சிரிக்க ஆளில்லாமல் அவள் தவித்துப்போனாள். கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணினாள்.

மூன்று நாள் இருக்கும்போது, மழைச் சேற்றில் வழுக்கி விழுந்து தொமிதிலா வலது கையை முறித்துக்கொண்டாள்.

"மாவுக்கட்டோட என்ன சண்டை? அடுத்த வருஷம் பாத்துக்கங்க" என்றார் கிறிஸ்துமஸன்று திடலில் சாட்டையோடு நின்ற நடுவர்.

இன்னும் ஒரு வருடமா? கசில்டா இடுப்புக் கச்சையை அவிழ்த்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"என் வலது கையை முதுகோட சேத்துக் கட்டுய்யா."

"கிறுக்கா உனக்கு?"

"கட்டுன்னா கட்டு."

கூட்டம் கை தட்டியது. நடுவர் தலையைச் சொறிந்துகொண்டு வழிவிட்டார்.

ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. கசில்டாவின் இடது கை காற்றைத்தான் துழாவியது. தொமிதிலாவின் இடது கையோ ஒரு தடவைகூடக் குறி தப்பவில்லை. மூன்றாவது குத்தில் கசில்டா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நடுவர் சாட்டையை உயர்த்தியதும் தொமிதிலா ஓடிவந்து அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நான் இடக்கைக்காரின்னு உனக்குத் தெரியாதாடி?"

"தெரியாம என்ன? அந்தக் கை இடிச்சு எத்தனை தடவை என் சூப்பு கொட்டியிருக்கு."

"தெரிஞ்சுமா வந்து அடி வாங்கின?"

"பின்ன? இன்னொரு வருஷம் நீ பேசாம இருந்தா என்னால முடியாதுடி."

தொமிதிலா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பிறகு இருவரும் திடலோரமாக ஒரே கம்பளியில் உட்கார்ந்து சோளக் கள் குடித்தார்கள். அடுத்த ஜோடி இறங்கியது.

"அந்தத் தொப்பிக்காரனைப் பாரேன்" என்றாள் கசில்டா, வீங்கிய மூக்கோடு. "அடிக்கிறானா, ஈ ஓட்டுறானா?"