மதாமுக்குப் புரியாத பிரெஞ்சு

பாரிஸ், லா சப்பல். பிரெஞ்சு படிக்க வந்திருக்கும் என்னைத் தன் வீட்டில் தங்கவைத்திருக்கும் பிரெஞ்சுக்கார மதாம், தமிழ்க் கடைக்கு இழுத்து வந்திருக்கிறார். முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்து, எப்படிச் சமைப்பது என்று கடைக்காரரிடம் கேட்கிறார். அவர் சரளமான பிரெஞ்சில் சொல்கிறார். மதாமோ என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்கிறார். நான் வந்தே மூன்று வாரம்தான் ஆகிறது!

"நான் இஞ்சை வந்து முப்பது வருசம், தங்கச்சி," என்கிறார் கடைக்காரர் தமிழில். "இவவுக்கு என்ர பிரெஞ்சு விளங்காதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சொன்ன பிரெஞ்சையே திக்கித் திக்கித் திருப்பிச் சொல்கிறேன்: துண்டாக வெட்டுங்கள், குழம்பில் வேகவிடுங்கள், மென்றுவிட்டுச் சக்கையைத் துப்புங்கள்.

மதாமின் முகம் மலர்கிறது. கடைக்காரருக்கு முன்னாலேயே என் தோளைத் தட்டுகிறார்.

"உன் பிரெஞ்சு எவ்வளவு தெளிவாக இருக்கிறது!"