ஒற்றக்காவின் இருபத்து நான்காவது பாட்டில்

லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை பார்க்கும் அம்மாள், ஆண்டு இறுதிப் பரிசு என்று சொல்லி முதலாளிக்குப் புறாத் தீனியைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்துவிட்டாராம். இதை எனக்கு முதலில் சொன்னவர் முடிவெட்டுபவர். அவருடைய கத்தி என் காதோரத்தில் இருந்த நேரம் அது. மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.

"சம்பளம் ஏத்தலைன்னு கோபமாம் சார். முதலாளியே கூட்டத்துல மைக்கப் பிடிச்சுச் சொன்னாராம், புறாத் தீனி குடுத்தாங்கன்னு" என்றார்.

அங்கிருந்து மருந்துக்கடைக்குப் போனேன். அதற்குள் அது கோழித் தீனி ஆகியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் கேட்டபோது முதலாளி அதைத் தின்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அன்று காலையில்தான் அந்த முதலாளி வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடைப்பயிற்சி போனதை நான் பார்த்திருந்தேன். மூன்றாவது செய்தி பொய். மற்ற இரண்டின் கதை என்ன என்று பார்க்க அச்சகத்துக்குப் போனேன்.

பிழை பார்க்கும் அம்மாளை அங்கே எல்லாரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். க், ச், த், ப் என்று ஓர் ஒற்று விடுபட்டால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. காய்கறிக்காரரின் பலகையில் "கத்திரி காய்" என்று எழுதியிருந்தால் சாக்பீஸ் வாங்கி நடுவில் ஒரு க் போட்டுவிட்டுத்தான் விலை கேட்பார். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடித் தடுப்பை ஒட்டிய ஒரே நாற்காலி, ஒரே உருப்பெருக்கி, சிவப்புப் பேனா மட்டும் மாறி மாறி. ஒருமுறை காதுக்கு விடும் மருந்தின் லேபிளில் "மூன்று சொட்டு" என்பது "முப்பது சொட்டு" என்று வந்திருந்தது. நாற்பதாயிரம் லேபிள் ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அதைப் பிடித்தார். அதற்கு யாரும் கைதட்டவில்லை. அச்சேறாத பிழையை யார் பார்த்தார்கள்?

தீனிக்கு வருவோம். போன வருடம் ஒரு காலை உணவுக் கம்பெனியின் அட்டைப்பெட்டி அச்சுக்கு வந்தது. கிரானோலா என்று பெயர். பொருட்களின் பட்டியல் எறும்பு எழுத்தில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் ஆறு தடவை மாற்றினார்கள், ஒற்றக்கா ஆறு தடவை படித்தார். ஏழாவது தடவை அவருக்கே பசித்துவிட்டது.

"படிச்சுப் படிச்சு மனப்பாடம் ஆயிடுச்சு. சரி, செஞ்சுதான் பாப்போமேன்னு செஞ்சேன்" என்றார் என்னிடம்.

அவருடைய வீட்டு அடுப்பறையில் இருப்பது சின்ன ஓவன். ஒரு தட்டுதான் கொள்ளும். ஓட்ஸ், உடைத்த பாதாம், முந்திரி, பூசணி விதை, கொஞ்சம் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, எல்லாவற்றையும் தேனிலும் எண்ணெயிலும் பிசிறித் தட்டில் பரப்பி இளஞ்சூட்டில் நாற்பது நிமிடம். பாதியில் ஒருமுறை கிளற வேண்டும். வெளியே எடுத்த பிறகு மட்டும் கை வைக்கக் கூடாது. ஆறும்வரை சும்மா விட்டால்தான் கட்டி கட்டியாக நிற்கும். ஆறியதும் உலர்திராட்சை. ஒரு தட்டு இரண்டு பாட்டிலை நிரப்பும். அச்சகத்தில் அவர் போக, முதலாளியையும் சேர்த்து இருபத்து நான்கு பேர். பன்னிரண்டு தட்டு, ஆறு சாயங்காலம்.

பாதாம் வெட்டிக்கொடுத்தவர் நாத்தனார். வெட்டியதை விடப் பேசியது அதிகம்.

"அண்ணி, இந்த மெனக்கெடலுக்கு ஆளுக்கொரு பேனா வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்."

"பேனா குடுத்தா அதை வெச்சு எழுதுவாங்க. அந்தப் பிழையையும் நான்தானே பாக்கணும்."

"உங்க முதலாளி இதையெல்லாம் சாப்பிடுவாரா?"

"அவரு சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி என்ன? பாட்டில் மட்டும் திரும்பி வரணும். அடுத்த வருஷத்துக்கு வேணும்."

பாட்டிலுக்கு லேபிள் வேண்டாமா? லேபிள் அச்சகத்துக்காரர் லேபிள் இல்லாமல் கொடுப்பாரா? வெட்டி எறியும் ஓரத்தாளில் அனுமதி கேட்டு அடித்துக்கொண்டார். கிரானோலா என்று போட அவருக்கு மனம் வரவில்லை. அந்த அட்டைப்பெட்டி அச்சேறியபோது இயந்திரம் ஓட்டுகிறவர் அதை "கிரானைட்" என்று சொல்லிவிட்டு, பல்லுக்கு ஆகுமா என்று கேட்டிருந்தார். அதனால் நல்ல தமிழாக, முதல் வரியில் "நொறுக்குத்", இரண்டாம் வரியில் "தீனி", அதன்கீழ் சின்ன எழுத்தில் "தானியம், விதை, பருப்பு, தேன்". த் விடாமல் இருந்தது. அவர் விடுவாரா?

இருபத்து மூன்று பாட்டில்களை அவரே கையில் கொடுத்தார். இருபத்து நான்காவது, மேலாளர் வழியாகப் போனது. முதலாளியின் மேசைக்குப் போகும் எதுவும் நாடா இல்லாமல் போகக் கூடாது என்பது மேலாளர் போட்ட சட்டம். பாட்டிலுக்கு இரண்டு விரல் அகலத்தில் சிவப்பு நாடா கட்டினார். அது நேராக முதல் வரியின் மேல் உட்கார்ந்துகொண்டது. மிச்சம் தெரிந்தது "தீனி". கீழே தானியம், விதை.

முதலாளிக்கு மொட்டை மாடிப் புறாக்கள் என்றால் உயிர். "பரவாயில்லையே, நம்ம புறாவைக்கூட நினைச்சிருக்காங்க" என்று உருகிப்போய், காவலாளியைக் கூப்பிட்டு மாடியில் கொட்டச் சொல்லிவிட்டார். தேன் என்ற சொல்லை அவர் படிக்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்க்கவில்லை. லேபிள் விற்றே மாடி கட்டிய மனிதர், தன் கைக்கு வந்த ஒரு லேபிளின் மூன்றாவது வரியின் முடிவுவரை போகவில்லை. எனக்கு ஆத்திரம் தொடங்குவது இங்கேதான்.

விடுமுறைக்கு முந்தைய நாள் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்தார். "வாயில்லா ஜீவனையும் மறக்காம, எனக்குப் புறாத் தீனி குடுத்த அம்மாவுக்கு நன்றி." கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த வாரம் முழுக்க அதைப் பாலில் போட்டுச் சாப்பிட்டவர்கள். முதலில் பைண்டிங் பகுதியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது முன்வரிசைக்கு வந்து சேர்ந்தபோது முதலாளியின் முகம் நாடாவின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் முதலாளிகள் தப்பு செய்வதில்லை. நடந்த தப்புக்கு ஒரு ஆள் வேண்டும். விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே ஒற்றக்காவின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் எழுதியதுபோல அலுவலகமே தட்டச்சு செய்த கடிதம். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. லேபிளில் பிழை நேர்ந்தது தன் கவனக்குறைவால்தான் என்று அவரே ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. போட்டால், கவனக்குறைவுள்ளவருக்குப் பிழை பார்க்கும் நாற்காலி எதற்கு என்று கேட்டு, பார்சல் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிடலாம். நாற்காலிக்குப் பதில் பிழை பார்க்கும் மென்பொருள் ஒன்று ஏற்கெனவே வந்து, கணினிக்குள் காத்திருந்தது.

"போடாட்டி?" என்று கேட்டிருக்கிறார்.

"அப்ப வேணும்னே குடுத்தீங்கன்னு ஆயிடும் மேடம்" என்றார் மேலாளர். "பிழைன்னு சொன்னா கௌரவமா முடியும். பாருங்க."

எப்படி இருக்கிறது நியாயம். பிழை என்றால் வேலைக்கு லாயக்கில்லாதவர், பிழை இல்லை என்றால் திமிர் பிடித்தவர். பத்தொன்பது வருடம் ஒரு த் விடாதவரிடம், இல்லாத பிழைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கேட்கிறவர் நாடா கட்டியவர். மேலாளரை நானே போய்ப் பார்த்துக் கேட்டேன்.

"நாடா அழகுக்குக் கட்டினது சார்."

"அழகு சரியா முதல் வரி மேல உக்காந்துருச்சே."

"அவங்க லேபிளைக் கொஞ்சம் கீழ ஒட்டியிருக்கணும்" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மாடிக்குப் போய்க் காவலாளியையும் பார்த்தேன். அவர்தான் கொட்டியவர்.

"கொட்டச் சொன்னாரு, கொட்டினேங்க. மூடியைத் திறந்ததும் பட்டை வாசனை வந்துச்சு, எனக்கு அக்கா குடுத்த பாட்டில் மாதிரியே. புறாவுக்கு எவன் பட்டை போடுவான்னு ஒரு வாய் போட்டுப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் புறாவுக்குக் கம்மியாத்தான் போச்சுங்க."

"முதலாளிகிட்ட சொல்லலாமே, இது மனுஷங்க சாப்பிடறதுன்னு."

"சொன்னா, புறா தின்றதை எதுக்குடா தின்னேன்னு கேப்பாரு. சொல்லாம இருந்தா அவருக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. அக்காவுக்குத்தான்..." என்று நிறுத்திவிட்டு, இல்லாத ஒரு புறாவை விரட்டப் போனார்.

அந்த நாற்காலி போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அச்சகத்துச் சுவரில் இரண்டு விதி கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. எழுதியவர் முதலாளி. ஒன்று: பிழை பார்ப்பவர் திருத்தாத எந்தத் தாளும் மேலே போகக் கூடாது. இரண்டு: மூலப்பிரதியோடு ஒப்பிடாமல் பிழை பார்ப்பவர் கையெழுத்துப் போடக் கூடாது. ஒற்றக்கா கடிதத்தை வாங்கி மேசையில் நேராக வைத்தார். உருப்பெருக்கியை எடுத்தார்.

"மண்ணிப்பு"க்குச் சிவப்பு வட்டம். "தவறுதளாக"வுக்கு ஒன்று. நான்கு இடத்தில் ஒற்று இல்லை, நான்கையும் செருகினார். ஓரத்தில் "திருத்தி மறுபடி அனுப்பவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் மேலாளர் உஷாராகிவிட்டார். புது மென்பொருளில் போட்டு எடுத்துக்கொண்டு அவரே வந்தார்.

"இது சுத்தமா இருக்கு மேடம். கம்ப்யூட்டரே பாத்துருச்சு. ஒரு பிழைகூட இல்லைன்னு வருது."

ஒற்றக்கா கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். "'பணிவுடன் மன்னிப்புக் கேட்டுக் கொல்கிறேன்.' யாரைங்க சார்?"

கொல்கிறேன் என்பதும் ஒரு சொல்தானே, மென்பொருள் அதை ஏன் தடுக்கப் போகிறது? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாராம். மேலாளர் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மென்பொருளைப் பற்றி யாரும் பேசவில்லை. அது வாங்கிய இடத்துக்கே போய்விட்டதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. இதை நான் சரிபார்க்கவில்லை.

மூன்றாவது முறை கடிதம் வந்தபோது எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஒற்றக்காவே அதை ஒப்புக்கொண்டார். "நல்லா வந்திருக்கு சார். யாரு அடிச்சாங்க?" ஆனால் நடுவில் ஒரு வரி: "நான் முதலாளிக்குப் புறாத் தீனி வழங்கிவிட்டேன்." அதன்கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஓரத்தில் எழுதினார்: "பொருட்பிழை இருக்கலாம். மூலப்பிரதியோடு ஒப்பிட வேண்டும். மூலப்பிரதி: பாட்டில். நாடாவுடன் அனுப்பவும்."

"பாட்டில் எதுக்கு மேடம்? கையெழுத்துத்தானே?"

"சுவத்துல இருக்கிறது உங்க முதலாளி எழுதின சட்டம் சார். நான் எழுதலை."

அன்றோடு கடிதம் நின்றுவிட்டது. ஒற்றக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்து இருமல் மருந்து லேபிள் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலாளி அவர் இருக்கும் பக்கம் வருவதில்லை, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. முடிவெட்டுபவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படியா சார்" என்றார். அடுத்த நாற்காலிக்காரரிடம் அவர் புறாக் கதையையே சொன்னது என் காதில் விழுந்தது.

வதந்தியைச் சரிபார்க்கப் போனவன் முடிவைச் சொல்ல வேண்டும். முதலாளிக்குக் கொடுத்தது பட்டை, பாதாம், தேன் போட்டு ஆறு சாயங்காலம் வறுத்ததில் ஒரு பங்கு. அதைத் தீனி ஆக்கியது இரண்டு விரல் நாடாவும், திறந்து பார்க்காத ஒரு கையும்.

ஒற்றக்காவின் மேசைக்கடியில், குறுக்கு அட்டை வைத்து இருபத்து நான்கு குழி பிரித்த ஒரு பெட்டி இருக்கிறது. பாட்டில்கள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்துவிட்டன. அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர் மூடியைத் தொலைத்துவிட்டு வேறு மூடி வாங்கி வந்து கொடுத்தார். இருபத்து மூன்று குழி நிறைந்தது.

கடைசிப் பாட்டில் தொலையவில்லை. முதலாளி அறையின் ஜன்னல் விளிம்பில், ஒற்றக்காவின் நாற்காலியிலிருந்தே பார்த்தால் தெரியும் இடத்தில் இருக்கிறது. இப்போது அதில் நிஜமான புறாத் தீனி, கம்பும் சோளமும். லேபிள் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நாடாவை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. போன வாரம் மேலாளர் புதுப் பாட்டில் ஒன்றை, பெரியதாகவே, கொண்டுவந்து நீட்டினார்.

"இது எதுக்கு சார்? என் பாட்டிலைக் குடுங்க, போதும்" என்றார் ஒற்றக்கா.

முதலாளி இன்னும் கொடுக்கவில்லை.