அம்மா கட்டிய மூட்டைகள்

புதுச் சாக்குக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் காய்ந்த புல்லும் கலந்தாற்போல மூக்கில் ஏறி, தொண்டையில் தூசியாகத் தங்கி, இரண்டு நாள் இருமலாக வெளியே வரும். அந்த வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டால் அப்பாவுக்கு மறுபடியும் மாறுதல் வந்துவிட்டது என்று எனக்கும் அக்காவுக்கும் புரிந்துவிடும். யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

அப்பா மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மானாவாரிக் காட்டு ஊர்களில் எங்கே ஒரு கால்நடை மருந்தகம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தாலும் அவரை அங்கே அனுப்பிவிடுவார்கள். அவரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். எனக்குப் பத்து வயது ஆவதற்குள் ஆறு வீடு மாறிவிட்டோம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்த வீடு, கூரையிலிருந்து தேள் விழுந்த வீடு, விடிய விடியப் பக்கத்தில் செக்கு கிறீச்சிட்ட வீடு என்றுதான் அவை இன்றும் என் நினைவில் இருக்கின்றன. ஊர்ப்பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன.

சாமான் கட்டுவதை அம்மா "வீட்டை ஒதுக்குறது" என்பாள். அந்த வேலையில் அவளுக்கு இணையாக ஒருவரை நான் பின்னாளிலும் பார்த்ததில்லை. மாறுதல் உத்தரவு வந்த அன்றே சமையலறையில் இரண்டு பாத்திரங்களை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்றவற்றைக் கழுவிக் காயவைத்துவிடுவாள். அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டான், குண்டானுக்குள் செம்பு என்று ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கி, இடைவெளிகளில் எங்கள் பழைய பாவாடைகளைத் திணிப்பாள். அரிக்கேன் விளக்கின் கண்ணாடி அரிசிக்குள் புதையும். ஊறுகாய் ஜாடியின் வாய்க்கு ஈரத்துணி கட்டி, அதன்மேல் காய்ந்த துணி ஒன்றும் கட்டுவாள். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வண்டியில் அச்சுக்கு நேர்மேலே இடம். பிறகு கோணி ஊசியில் சணலைக் கோத்துச் சாக்குகளின் வாயை அவள் தைக்கும்போது "சரக், சரக்" என்று எழும் சத்தத்தில் நாங்கள் தூங்கிப்போவோம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் மூட்டைகளின் மேல் கரிக்கட்டியால் கோடு போடுவாள். ஒரு கோடு சமையல் சாமான், இரண்டு கோடு துணிமணி, குறுக்குக் கோடு போட்டிருந்தால் உடையக்கூடியது.

"கடைசியா ஏத்துறது மொதல்ல எறங்கணும்" என்பது வண்டிக்காரர்களுக்கு அவள் விடாமல் சொல்லும் வார்த்தை. அடுப்பு மூட்டும் சாமானும் பால் சட்டியும் வண்டியின் வாயில் இருக்கும். புது ஊரில் இறங்கிய அரைமணி நேரத்தில் எங்களுக்குச் சுடுகஞ்சி கிடைத்துவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து அதிசயிப்பார்கள். அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு ஊராகச் சுருங்கிக்கொண்டே வந்ததை அந்த வயதில் நான் கவனிக்கவில்லை.

இந்த அலைச்சலில் அதிகம் அடிபட்டவள் அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சைக்கு அவள் முதல்முறை படித்துக்கொண்டிருந்தபோது, பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் மாறுதல் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரில் எட்டாம் வகுப்பே இல்லை. அதன்பிறகு ஒரு வருஷம் முழுக்க அவள் பள்ளிக்கூடம் போகாமல் விறகு பொறுக்கினாள். அடுத்து நாங்கள் திண்டுக்கல் டவுனுக்கே வந்து நாகல் நகரில் குடியேறியபோது, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அந்த வெட்கத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவள் படித்த படிப்பு எங்கள் வீட்டில் யாரும் படிக்காத படிப்பு.

அறுபதுகளின் தொடக்கம். மாசி மாதம். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அப்பா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல், குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்றார். அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதையும் அவரே சொன்னார். அக்கா புத்தகத்தை மூடி டிரங்குப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அழவில்லை. அம்மா பரணிலிருந்து சாக்குகளை எடுத்துக் கீழே போட்டாள்.

மூன்று நாள் கட்டினாள். வழக்கமாக ஒரு பகல் போதும் அவளுக்கு. இந்தமுறை எடுத்ததையே எடுத்து, வைத்ததையே மாற்றி வைத்தாள். இரண்டு சட்டிகளைக் கையில் ஏந்திக்கொண்டு எது எங்கே என்று தெரியாதவள்போல வெகுநேரம் நின்றாள். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடலைக்காய் மூட்டை ஏற்றி வந்து வெறுமனே திரும்பும் வண்டி ஒன்றை அப்பா பேசியிருந்தார். வெள்ளென வந்து நின்ற வண்டியில் அம்மாவே முன்னின்று சாமான் ஏற்றினாள். நாலு மூட்டை, ஒரு பாய்ச்சுருள், ஒரு மரப்பெட்டி. அதோடு கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டிக்காரர், "அம்புட்டுத்தானா? கம்பவுண்டரய்யா, பெரிய குடித்தனமுன்னு சொன்னீகளே" என்றார்.

"மிச்சத்தையும் எடுத்துக் குடு. வெயில் ஏறுது" என்றார் அப்பா, அம்மாவிடம்.

"ஏத்தியாச்சு."

"உள்ள இன்னும் ஏழெட்டு மூட்டை கெடக்கே?"

"அது இந்த வீட்டுச் சாமான். ஏத்துனது உங்க சாமான்" என்றாள் அம்மா. குரலில் கோபமில்லை. தண்ணீர் இறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவளின் குரல். "என்னால ஏலலைங்க. பெரியவ இந்தத் தடவையும் எழுதலைன்னா அப்பறம் யாரும் அவளைப் பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டாக. நாங்க இங்கனயே இருக்கோம். நீங்க சனிக்கெழமை சனிக்கெழமை வந்துட்டுப் போங்க."

அப்பா நடைவரைக்கும் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு வீட்டை இரண்டு வீடாகப் பிரித்து, இரண்டிலும் எதுவும் குறையாமல் அவள் கட்டியிருந்தாள். அதற்குத்தான் மூன்று நாள் ஆகியிருக்கிறது.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க வேணாம்பீக. நானும் சரின்னுட்டு எல்லாத்தையும் ஏத்தியிருப்பேன்."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவள் தலையில் கையை வைத்து, "நல்லா எழுது தாயி" என்றார். வண்டியின் பின்பக்கம் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கோ இந்த ஊரை விட்டுப் போகவேண்டாம் என்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. அடுத்த தெருவில் இருந்த சிநேகிதியிடம் அதைச் சொல்ல ஓடிவிட்டேன். வண்டி தெருமுனை திரும்பியதை நான் பார்க்கவில்லை.

அக்கா பரீட்சை எழுதினாள், தேறினாள், ஹைஸ்கூலில் சேர்ந்தாள், பிறகு ஆசிரியப் பயிற்சிக்கும் போனாள். அந்தப் பக்கம் எல்லாம் நன்றாகவே நடந்தது. இந்தப் பக்கத்தில், அப்பா வாரத்துக்கு ஒருமுறை வருவது என்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாகி, பஸ் கிடைக்கவில்லை, மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியிருக்கிறது என்று மாதத்துக்கு ஒருமுறையாக ஆனது. வரும்போதெல்லாம் அப்பாவின் சட்டை தோளில் இன்னும் கொஞ்சம் தொங்கும். "நாங்க ஒரு நடை வந்து வீட்டை ஒழுங்குபண்ணிட்டு வாரோமே" என்று அம்மா கேட்டால், "நான்தான் வாரேன்ல, நீங்க எதுக்கு வெயில்ல" என்று தட்டிவிடுவார். தெருவில் எங்களைப் பற்றி வேறு விதமாகப் பேசினார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "ஒன் புருசன் ஒன்னைய விட்டுட்டாராமே" என்று நேராகவே கேட்டாள். அம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வளர வளர நான் அப்பா கட்சியானேன். அம்மா கல்நெஞ்சுக்காரி என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறேன். அக்கா எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். யாருக்காக அந்த வண்டி பாதிச் சாமானோடு போனது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஊரை விட்டு மாறுதலே வராமல் ஏழு வருஷம் போனபின், வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்பா திரும்பி வந்தார். இந்தமுறை அவரே சாமான் கட்டியிருந்தார். ஊறுகாய் ஜாடி கவிழ்ந்து வேட்டி சட்டையெல்லாம் எண்ணெய். குண்டான் நசுங்கியிருந்தது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தவள் இரண்டு மூட்டைகளுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவள் தைத்த தையல் அப்படியே இருந்தது.

"இது என்ன, அவுக்கவே இல்லையா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இன்னைக்கோ நாளைக்கோ இங்கிட்டுப் போட்டுருவாகன்னு இருந்தேன். அவுத்துட்டா அங்கனயே தங்குனாப்புல ஆயிருமேன்னு..."

அம்மா அரிவாள்மனையில் சணலை அறுத்துப் பிரித்தாள். மாற்று வேட்டிகள், பித்தளைக் கூஜா, தலையணை. அடியில், ஏழு வருஷத்துக்கு முன் அவள் வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்த கெட்டிப் போர்வை, கரையான் தின்று பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. அந்தப் பொடியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"மார்கழிக் குளுருக்கு என்னத்தைப் போத்துனீக?"

"வேட்டி இருந்துச்சுல்ல" என்றார் அப்பா.

அம்மா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இப்போது இருவரும் இல்லை. அக்கா கோயம்புத்தூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். நாகல் நகர் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. போன மாதம் நான் வீடு மாறினேன். ஒரே மாதிரிச் சட்டை போட்ட நாலு இளைஞர்கள் அட்டைப்பெட்டிகளோடு வந்து, என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் எழுந்து நிற்க முடியாத அளவுக்குக் களைப்பாக இருந்தது.

மறுவாரம் காரை எடுத்துக்கொண்டு குஜிலியம்பாறைப் பக்கம் போனேன். அப்பா ஏழு வருஷம் தனியாக இருந்த வீட்டை அவர் இருந்தவரை நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. ஊருக்குள் கயிறு காயப்போட்டுக்கொண்டிருந்த வயதான ஒரு அம்மாளிடம், அறுபது வருஷத்துக்கு முன்னே மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் குடியிருந்தாரே, அந்த வீடு எது என்று கேட்டேன். அந்த அம்மாள் கயிற்றை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கன அப்புடி யாரும் குடும்பமா இருந்ததா ஞாபகம் இல்லையேம்மா. நீங்க அவருக்கு யாரு?"

மகள் என்று சொன்னேன்.