எண்ணெய் தேய்த்த முடி

ஆறு மாதமாகப் பூஞ்சைக்குச் சோறு போடுவதே சேதுபதிக்கு வேலை. காஜா பேராங்கில் இருக்கும் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்து ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்குப் போவார். பிள்ளைகளின் முடியை ஆவியில் அவித்துக் கண்ணாடித் தட்டுகளில் பரப்பி, அதன்மேல் படர்தாமரைப் பூஞ்சையை வளர்ப்பார். டாக்டர் ஜெயபாலன் தாம் கலக்கிய களிம்பை அதில் தடவிப் பார்ப்பார். தோலைப் பொசுக்கும் களிம்பு அது. வெட்டிய முடியில் பலன் தெரியாமல் எந்தப் பிள்ளை தலையிலும் பூசமாட்டேன் என்பது அவர் பிடிவாதம். பதினோரு கலவை தோற்றாயிற்று. மெர்டேகா என்று சுதந்திரம் வந்து நாடே துள்ளியது. சேதுபதிக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.

அவர் ஓடிப்போகாததற்குக் காரணம் சீதா. ஒன்பது வயது மகளின் தலையில் படர்தாமரை வந்து வட்ட வட்டமாக முடி கொட்டிவிட்டது. "குராப் போனப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பி எட்டு மாதம்.

பன்னிரண்டாவது கலவைக்கு முடி போதவில்லை. எண்ணெய் படாத முடி வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சேதுபதி அப்படியே தங்கை பாக்கியலட்சுமியிடம் சொல்லிக் கேட்டார். அவள் மகள் விஜயாவின் முடியில் ஒரு கற்றையை வெட்டிக் கொடுத்தாள். அதை மருந்துத் தட்டுகளில் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத தட்டிலும் அதே முடியைத்தான் வைக்க வேண்டும். அலுப்பில், மீதமிருந்த பழைய முடியை அதில் போட்டு மூடிவிட்டார்.

மூன்று வாரத்தில் பழைய முடியில் பூஞ்சை அப்பிக் கிடந்தது. மருந்துத் தட்டுகளில் ஒரு பொட்டுகூட இல்லை. டாக்டர் சிரித்ததை அன்றுதான் சேதுபதி பார்த்தார். திங்கட்கிழமை சீதாவுக்குக் களிம்பு பூசலாம் என்றார். அன்றே பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். சேதுபதி வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லிவிட்டு, அதே சூட்டில் தங்கையிடம் போனார்.

"நல்ல முடியா குடுத்த, பாக்கியம்."

"பின்னே? பரட்டை முடியவா டாக்டருக்குக் குடுக்கறது? நம்மள என்ன நெனப்பாரு? எண்ணெய் தேச்சுச் சீவித்தான் வெட்டினேன்."

"எண்ணெய் வேணாம்னு சொன்னேனே! என்ன எண்ணெய்?"

அவள் குரல் இறங்கியது. "சீமை அகத்தி போட்டுக் காய்ச்சினது. சீதா வந்து வெளாடுதில்ல... எட்டு மாசமா விஜயாவுக்குத் தடவுறேன். கோவிச்சுக்காதீங்கண்ணே."

சீமை அகத்தி படர்தாமரையை அண்டவிடாது என்பது ஊரறிந்த சங்கதி. மருந்தில்லாத தட்டில் இருந்ததோ பழைய முடி. பூஞ்சையைத் தடுத்தது களிம்பா, எண்ணெயா, இனி யார் சொல்வது? சீதாவைப் பார்த்துத் தங்கையே பயந்திருக்கிறாள். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

சட்டைப்பையில் கடிதம் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் திங்கட்கிழமை சீதா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். கூடவே, பலிக்குமா என்றே தெரியாத அந்தக் களிம்பு அவள் தலையைப் பொசுக்கும். சைக்கிளை ஆஸ்பத்திரிக்கே திருப்பினார்.

சேதுபதி சொன்னதைக் கேட்டு டாக்டர் திட்டவில்லை. கடிதத்தை வாங்கி மேசைக்குள் வைத்தார். "வேற முடி கொண்டாங்க, சேதுபதி. மறுபடியும் வைப்போம்."

வீட்டில் சீதா புத்தகம் ஒவ்வொன்றுக்கும் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு அடுக்கியிருந்தாள். சேதுபதி நடந்ததைச் சொல்லி முடித்தார். அவள் புத்தகங்களைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

"பரவால்லப்பா. அட்டை போட்டாச்சு. எத்தன மாசம் கெடந்தாலும் அழுக்காகாது."