இஸ்திரிக்காரரின் வெள்ளிக்கிழமை

இஸ்திரிப் பெட்டியைத் துணியில் வைப்பதற்கு முன் சட்டைப் பையைத் துழாவிப் பார்க்க வேண்டும். உள்ளே பேனா இருந்தால் துணி பாழ். கிடைத்ததை மடித்த துணிமேல் வைத்துத் திருப்பிக் கொடுக்கலாமே தவிர, என்ன பார்த்தோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. அந்த விஷயத்தில் இஸ்திரிக்காரர் கெட்டி. 'ஊமைப்பெட்டி' என்று அவருக்குப் பெயர் விழுந்ததும் அதனால்தான்.

பேச வீட்டிலும் ஆளில்லை. அவருடைய இனத்தைப் பூண்டோடு அழிக்கக் கிளம்பிய வருடம், தெருவையே லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; மனைவியும் மகளும் அதில் போனார்கள். துணி கொடுக்க வெளியூர் போயிருந்த இவர் மட்டும் மிஞ்சினார். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. தட்டைக் கீழே வைக்கும் சத்தம்கூட அங்கே பெரிதாகக் கேட்கும்.

அதை விசாரித்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது போனார். கடைசியில், "வேறேதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்கள்.

"எங்க பொதைச்சாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கய்யா."

எழுதிக்கொண்டார்கள்.

அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் அடுத்த தெருக்காரர். ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. அவரும் இவரிடம்தான் துணி போடுவார். தீர்ப்புக்கு முந்தின வாரம் துணியை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"தம்பி, கண்ண மூடினா அதே நெனப்பாத்தான் இருக்கு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன். எடத்தைக் காட்டிடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"என்கிட்ட சொன்னா பூட்டி வச்ச மாதிரிண்ணே."

புதன்கிழமை தீர்ப்பு வந்தது. நடந்தது இனப்படுகொலைதான், ஏவிவிட்ட பெரிய தலைகளுக்கு ஆயுள் தண்டனை என்று டீக்கடை டிவியில் சொன்னார்கள். 'ரெண்டு பக்கமும் தப்பு இருக்குய்யா' என்றே இத்தனை காலம் பேசிவந்த டீக்கடைக்காரர், துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"உக்காருங்க."

"என்ன புது மரியாதை? நாற்காலிக்கு வாடகை போடுவியா?"

சிரிப்புப் பேச்சுதான், ஆனால் கண் கலங்கிவிட்டது. இவன் பொய் சொல்கிறான் என்று ஊரில் இருந்த பேச்சு இன்றோடு ஒழிந்தது. பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்து, "இந்தத் தீர்ப்பால உங்களுக்கு என்ன கெடைச்சுது சார்?" என்றாள். அவரை யாரும் அதுவரை சார் என்றதில்லை.

"இனிமே உண்மையைச் சொல்ல யாருக்கும் பயமில்லம்மா. லாரி ஓட்டினவரே எடத்தைக் காட்டறேன்னு சொல்லியிருக்காரு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் அது கொட்டை எழுத்தில் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை குளித்து, தன் சட்டையையே தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். உட்கார்ந்தால் சட்டை கசங்கும். பொழுது சாயும் வரை எந்த வண்டியும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு லாரிக்காரர் எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தார், கசங்கிய சட்டையோடு. ஒருநாள் இவர் பொறுக்க மாட்டாமல் குறுக்கே ஓடினார்.

"அண்ணே, உங்க சட்டை ஒண்ணு என்கிட்ட தங்கிடுச்சு."

"குடு."

"நான் வாய விட்டது தப்புத்தான். கோர்ட்டுல சொல்ல வேணாம்ணே. எந்தப் பக்கம்னு கையக் காட்டுங்க, போதும்."

"அவ்வளவு பெரிய ஆளுங்களையே உள்ள தள்ளிட்டாங்க. வண்டி ஓட்டினவன விடுவாங்களா? எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு தம்பி."

சொன்னவருக்கே அந்தக் கடைசி வார்த்தை சுட்டிருக்க வேண்டும். சட்டையை வாங்கிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். டீக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூப்பிட்டதை இவர் கவனிக்கவில்லை.

மறுவாரம் அதே சட்டை, போட்டுக் கசங்கி, மேசைமேல் கிடந்தது. வைத்தவரைக் காணோம். பைக்குள் கையை விட்டார். ஒன்றுமில்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட. இன்னொரு முறையும் விட்டுப் பார்த்தார். பிறகு காலரிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.